பதினேழாம் கம்பம்

யாக்கிமா பள்ளத்தாக்கில் ஜூலை.
பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடி
பதினெட்டடி உயரக் கம்பிக்குத் தாவிவிட்டது.

ஒட்டும் அட்டைகளை எண்ணுவது என் வேலை.
மணப்பொட்டலம் கட்டிய கம்பத்தில்
கண்ணாடி இறக்கைப் பூச்சி எத்தனை,
கட்டாத கம்பத்தில் எத்தனை.

பொட்டலத்துக்குள் இருப்பது
சிலந்திப்பேன் கடித்த இலை விடுகிற மணம்.
இலைக்கு வாயில்லை,
கடிபட்ட இடமே கூப்பிடுகிறது.
வருகிறவை இரங்கி வருவதில்லை,
பேனைத் தின்ன வருகின்றன.
இலைக்கு அது போதும்.

பதினேழாம் கம்பத்தில் பொட்டலமே இல்லை.
அட்டையில் நாற்பத்தொன்று.
திரும்ப எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
டாக்டர் ஹால்வர்சன்
முதலில் என் கணக்கைச் சந்தேகித்தார்,
பிறகு காற்றை.

மூன்றாம் நாள்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன்.
மேல்சட்டையைக் கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டு
தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஹசிந்தா.
ஏப்ரல் முழுக்கக்
கயிறு எறிந்து எறிந்து கட்டிய தோள்.
சட்டையில் அதே மணம்.
புட்டியில், பொடி எழுத்தில், அதே பெயர்:
மெத்தில் சாலிசிலேட்.

சொன்னேன். சிரித்தாள்.
“மேஸ்திரியிடம் மூன்று வாரமாகச் சொல்கிறேன்,
இவை மட்டும்தான் கேட்டனவா?”

நோட்டில் எழுதினேன்:
பதினேழு, கணக்கில் சேராது.

சாயங்காலம் அவள் சட்டையை உதறியபோது
காலரிலிருந்து எழுந்தது ஒன்று, வெளிர்பச்சை.
பேன் இல்லாத தோளை
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
இலைப்பக்கம் போனது.