ஏழாம் வரிசை

வாட்சோவுக்குப் பறக்கும் சின்ன விமானத்தில்
ஏழாம் வரிசை மட்டும் இரைகிறது.

டார்ச்சோடு வந்தாள் ராங்ஃப்ரிட்.
சுவருக்குள் மைக் ஒரு காது,
ஸ்பீக்கர் ஒரு வாய்.
புரொப்பெல்லரின் அலை ஏறினால்
இது இறங்கும்;
அது இறங்கினால் ஏறும்.
ஏட்டிக்குப் போட்டி.
மௌனம் சம்மதம் என்பார்கள்;
இங்கே மௌனம்
இருவரும் விட்டுக்கொடுக்காத சண்டை.

மைக்கின் துளைமேல்
யாரோ கம்பளிக் கோட்டு மாட்டியிருக்கிறார்.
ஊரடங்கிவிட்டதென்று நம்பி
வாயைச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறது
காது.

எடுத்தாள்.
இரைச்சல் வடிந்தது.

வடிந்த இடத்தில்
ஜன்னலோரம் முகம் திருப்பிய
கோட்டுக்காரரின் விசும்பல்,
துல்லியமாக.
முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது.

கோட்டை அதே கொக்கியில்
மறுபடி மாட்டினாள்.
நோட்டில் எழுதினாள்:
ஏழாம் வரிசை,
பழுது இல்லை.