இழுத்த இழுப்புக்கு

ஹாம்பர்க். இரவு இரண்டரை.
எங்களுக்குத் தந்தது எட்டு மணி நேர எக்ஸ்ரே.
அதில் மூன்றைக் கிடுக்கி தின்றுவிட்டது,
மாதிரிகளை வழுக்கவிட்டு வழுக்கவிட்டு.
இது கடைசித் துண்டு:
நாய் கவ்வும் எலும்பு வடிவில் வெட்டிய பாலிஎத்திலீன்.
போக்னா மூச்சை அடக்கித் திருகை இறுக்குகிறாள்.

கதவு பூட்டி, சைரன் ஓய்ந்ததும்
திரையில் இரண்டு வளையங்கள்.
எந்தத் திசைக்கும் சார்பில்லாத வட்டம்.
உள்ளே படிகத் தகடுகள்
சீட்டுக்கட்டாய் அடுக்கி இருக்கின்றன,
இடையிடையே
சிக்கெடுக்காத தலைமுடி போல ஒழுங்கற்ற சங்கிலிகள்.
சில மட்டும்
இந்தத் தகட்டில் ஒரு காலும்
அடுத்த தகட்டில் ஒரு காலும் வைத்தவை.

மூன்று சதவீதம். விட்டால் திரும்பிவிடும்.
பன்னிரண்டு. கழுத்து விழுந்தது.
விசைக்கோடு சரிந்து, பிறகு
சமவெளியாய் நீண்டது.
"பார், இழுத்த இழுப்புக்கு வருகிறது" என்கிறாள் போக்னா.

எனக்குச் சுருக்கென்றது.
மூன்றாம் முறை என் திட்டத்தை மாற்றியபோது
வூட்ஜில் இயக்குநர்
என்னைத் தட்டிக்கொடுத்துச் சொன்னதும்
ஏறக்குறைய இதுதான்.
புதிய தாள் இன்னும் என் பையில்,
கையெழுத்துக்கு.

கழுத்து வெளுக்கிறது.
சாயமல்ல அது.
தகடுகள் விலகிய இடங்களில்
கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள்;
வெளிச்சம் அவற்றில் இடறிச் சிதறுகிறது.
வளையம் ஓரிடத்தில் மெலிந்து,
அறுந்து,
இரண்டு பிறைகளாகி,
இரண்டு புள்ளிகளாய்க் குறுகுகிறது.
சீட்டுக்கட்டு சரிந்து, சீட்டுகளும் உடைந்து
துண்டுதுண்டாய்
இழைகளில் கோத்துக்கொண்டன.

அப்போதுதான் விசைக்கோடு ஏறத் தொடங்கியது.
நான் நாற்காலியை முன்னே இழுத்தேன்.
ஏறியது.
நானூறு. ஐந்நூறு.
மோட்டாரின் குரல் கம்மியது.

பிறகு டக்கென்று ஒரு சத்தம்.
அறுந்தேவிட்டது என்று போக்னா எழுந்தாள்.

அறவில்லை.
கதிர் நின்று கதவு திறந்ததும்
டெட்லெஃப் அதைக் கழற்றினார்,
இரவுப்பணி முழுக்கப் பேசாத மனிதர்.
இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார்,
முகம் சிவக்க.
பிறகு அதைத் திருப்பி
நகத்தால் நெடுக்கில் கீறினார்:
தென்னங்கீற்று போலப் பிளந்தது.
"இப்படி மட்டும் பிடிக்கக் கூடாது"
என்று சொல்லி
சாண்ட்விச்சுக்குப் போய்விட்டார்.

பதிவேட்டில் எழுதினேன்:
ஐந்நூற்று எழுபது சதவீதம்.
மாதிரி அறவில்லை.
இயந்திரத்துக்குத்தான்
நீளம் தீர்ந்துவிட்டது.