ஒரு பூச்சியம் குறைகிறது

மாங்குளம் சங்கத்து நெற்களஞ்சியத்தில்
ஒரு பெட்டிக்குள் மூன்று மெசின் ஓடுகிறது.
பார்வைக்கு ஒன்றுதான்:
உமித்தூசி அடைத்த விசிறி, எட்டு ஜீபி றாம்,
மேலே எரிந்து முடிந்த நுளம்புத்திரியின் சாம்பல்.

தராசோடு பேசத் தெரிந்தது பழைய எக்ஸ்பிக்கு மட்டும்.
அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்த கம்பனி இருந்த இடத்தில்
இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்களாம்.
ஆகவே எக்ஸ்பியைச் சாகவிட முடியாது.
புதிய விண்டோசுக்குள் ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.
கணக்குக்கு லினக்ஸ், அடுத்த அறையில்.
வீடு முழுக்கத் தன்னுடையது என்றுதான்
உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் நினைப்பு.

மாசிக் கடைசி, வெட்டு மும்முரம்.
வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன்.
முறைப்பாட்டில் இரண்டே சொல்: சிஸ்டம் ஸ்லோ.
இலிகிதர் குலேந்திரராசா கதிரையை இழுத்துப் போட்டார்.
"ஸ்லோதான் பிள்ளை. ஆனா பிழை விடாது."

வெளியே உழவு மெசின் பெட்டியில் சாய்ந்து நின்றாள் ஒருத்தி, பவளராணி.
உள்ளங்கையில் நீலப் பேனைக் கோடுகள், ஐந்தைந்தாக.
முப்பத்தெட்டு மூட்டை.
எழுபது எழுபதாக நிறுத்துத்தான் கட்டியது.
"உங்கட துண்டில அறுபத்து மூண்டு கிலோவைக் காணேல்லை."
இரண்டு நாளாக அதையே சொல்கிறாளாம்.
இரண்டு நாளாக அவரும் அதையே சொல்கிறாராம்:
மெசினுக்குப் பொய் சொல்லி என்ன லாபம்?

மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டுத்
தராசில் நானே ஏறி நின்றேன்.
அறுபது. இறங்கி ஏறினேன். அறுபது.
லினக்ஸ் மாதக் கணக்கைக் கூட்டத் தொடங்கியது,
விசிறி உறுமியது.
ஏறினேன்.
ஆறு.

குலேந்திரராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வயர் வழியே இலக்கங்கள் ஒவ்வொன்றாக வரும்.
எக்ஸ்பிக்கு அப்போது முறை கிடைக்காவிட்டால்
வாசலில் கொஞ்சம் நிற்கும்.
பிறகு அடுத்தது வந்து தள்ளிவிடும்.
ஆறு உள்ளே போனது. பூச்சியம் போகவில்லை.
துண்டில் கூட்டுத்தொகை மட்டுந்தானே அச்சாகும்,
யார் காண்பது?

"பூச்சியோ?" என்றாள் பவளராணி.
ஓம், அப்படித்தான் சொல்வோம் என்றேன்.
"தத்தி விழுந்தா வயல் வட்டம் வட்டமாய் எரிஞ்சு காட்டும்.
இது ஒண்டும் காட்டாத பூச்சி."

எக்ஸ்பிக்கு ஒரு கோரைத் தனியாக எழுதி வைத்தேன்.
லினக்ஸின் கூட்டலை இரவுக்குத் தள்ளினேன்.
அதோடு எழும்பியிருக்கலாம்.
பழைய பதிவுகளைத் திறந்தேன்:
ஏழு கிலோ மூட்டைகள் ஒன்பது.
ஏழு கிலோவுக்கு யார் மூட்டை கட்டுவார்கள்?

எவருடையவை என்பது அடுத்த வில்லங்கம்.
கரண்ட் போய் வரும்போதெல்லாம்
எக்ஸ்பி விட்ட இடத்திலிருந்து எழும்பும்,
உறங்கியது தெரியாமல்.
அதன் காலை பத்து ஐம்பது
வாசற்கொப்பியில் பின்னேரம் இரண்டேகால்.
காவலாளி ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றிய நேரங்களைக்
கோணல் எழுத்தில் குறித்து வைத்திருந்தார்.
அவற்றைக் கூட்டிக் கூட்டி எட்டுப் பேரைப் பிடித்தோம்.
பவளராணி நாலாவது.

ஒன்பதாவது பத்தொன்பதாம் திகதி.
அன்று காவலாளி லீவு. கொப்பி வெள்ளை.
கணக்கில் தனி வரியாகப் போடச் சொன்னேன்.
பெயர் இல்லாமல் பதியமாட்டேன் என்றது லினக்ஸ்.
குலேந்திரராசா வெகுநேரம் யோசித்து
ஒற்றை விரலால் தட்டினார்: யாரோ.
யாரோ, அறுபத்து மூன்று கிலோ.
பதிந்துகொண்டது.

நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருக்கிறதென்று
தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடித்தேன்.
திரையில் மூன்று இருபது.
எக்ஸ்பியின் திரை.
கோரைக் கொடுத்தேன், கடிகாரத்தைத் திருத்தவில்லை.
ஏ-ஒன்பதில் என் பஸ்
முறிகண்டி தாண்டி வந்து, நின்று,
போயும் விட்டிருந்தது.