தொட்டுக்க

புதன்கிழமைக்கென்று தனியாக ஒரு சமையல் கிடையாது.
ஞாயிற்றுக்கு மீன் உண்டு, வெள்ளிக்கு சாம்பார்.
புதன் என்பது
ஃபிரிட்ஜைத் திறந்து
அதன் வெளிச்சத்தில் சற்று நேரம் நிற்பது.

எட்டு மணி. அயனாவரம், மூன்றாவது மாடி.
லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்
வெங்காயம் வாங்க மறந்தவன்
மறுபடி இறங்க மாட்டான்.
ஆக, வெங்காயம் இல்லாமல்.

அரை பாக்கெட் மக்ரோனி இருந்தது
ரசப்பொடி டப்பாவுக்குப் பின்னால்,
வாயில் ஒரு துணிக் கிளிப்போடு.
அந்தக் கிளிப்பைத்தான் ஒரு வாரமாக
மொட்டை மாடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று
அரை நிமிடம் யோசித்துக் கொதிக்க வைத்தேன்.
உப்பு கடல் மாதிரி கரிக்க வேண்டும் என்று
பாக்கெட்டின் பின்னால் போட்டிருந்தது.
காசிமேட்டுக் கடலா, பெசன்ட் நகர்க் கடலா,
அதைப் போடவில்லை.
ஒரு கை அள்ளிப் போட்டேன்.

குணசீலி என்னோடு பேசி மூன்று நாள்.
தவறு என்னுடையது, அதில் சந்தேகமில்லை.
ஆல்பர்ட்டின் கடனுக்கு
யாருக்கும் தெரியாமல் நான் போட்ட ஜாமீன் கையெழுத்து
வக்கீல் நோட்டீஸாக வீடு வந்து சேர்ந்துவிட்டது.
அன்றிலிருந்து
சாவியை ஆணியில் மாட்டும் சத்தமும்
தட்டு வைக்கும் சத்தமும்தான் எங்கள் பேச்சு.
பால் வந்தாச்சு என்பதைக்கூட
சுவரிடம் சொல்கிறாள்.

ஆலிவ் எண்ணெய்
இந்தப் பக்கம் மருந்துக்கடையில்தான் கிடைக்கும்,
சின்ன பாட்டிலில்.
அந்த மருந்துக்கடையில்தான் குணசீலிக்கு வேலை.
போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.
நல்லெண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றினேன்.

பூண்டு எட்டுப் பல், தட்டி.
காய்ந்த மிளகாய், கிள்ளி.
கறிவேப்பிலை பொரிந்து புறங்கையில் தெறித்தது.
மக்ரோனி வடித்த தண்ணீரில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தேன்,
கஞ்சியைக் கொட்ட மனசு வராத வீட்டில் வளர்ந்த கை.
அதை ஊற்றியதும்
எண்ணெயும் தண்ணீரும்
சடசடவென்று சண்டை போட்டு,
கலங்கி,
பிறகு பளபளப்பாக ஒன்றாகி
மக்ரோனியைப் பிடித்துக்கொண்டன.
இதைப் பார்த்து நான் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை.
அடுப்பை சிம்மில் வைத்தேன், அவ்வளவுதான்.

வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து மேலே தூவினேன்.
மொத்தம் பதினெட்டு நிமிடம்.
பக்கத்து வீட்டு சீரியலில்
ஒருத்தி வாசற்கதவைத் திறந்து
கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

ஒன்பதே காலுக்குப் படியில் செருப்புச் சத்தம்.
இரண்டாவது மாடியில் ஒரு நிமிடம் மூச்சு வாங்கல்.
கைப்பை. சாவி. ஆணி.
முகம் கழுவி வந்து
மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"தொட்டுக்க என்ன?"

சுவரிடம் அல்ல.

"இதான் தொட்டுக்க" என்றேன்.

"எதுக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அரிசி களையவே இல்லை.
சட்டி நிறையத் துணைக்கறி செய்துவிட்டு
எதற்குத் துணை என்று யோசிக்காமல் நின்றிருந்தேன்.

அவள் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தாள்.
காலையில் கட்டிப்போன எலுமிச்சை சாதம், முக்கால்வாசி அப்படியே.
"கடையில கூட்டம்."
இரண்டு தட்டில் பிரித்தாள்.
என் பங்கு கொஞ்சம் குறைவு, கவனித்தேன்.
பொரியல் வைக்கும் ஓரத்தில்
மக்ரோனியை வைத்துக்கொண்டு
பிசைந்து ஒரு வாய்.

"உப்பு கூட."

"கடல் மாதிரி இருக்கணுமாம்."

சிரிக்கவில்லை.
ஆனால் கரண்டியை அவளே எடுத்து
இன்னொரு தரம் போட்டுக்கொண்டாள்.

நான் பாத்திரம் தேய்க்கும்போது
பின்னாலிருந்து குரல்:
"ஞாயித்துக்கெழம ஆல்பர்ட்ட வரச்சொல்லு.
நான் கேட்டுக்கறேன் அவன."
பிறகு, விளக்கை அணைத்தபடி,
"மீன் வாங்கிடு."

என்ன மீன் என்று கேட்கவில்லை.
ஒரு புதன்கிழமைக்கு
இவ்வளவு பேச்சு போதும்.