நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

இரவு இரண்டு பதினேழுக்கு
மறுபடியும் விழுந்தது.
நான் பார்க்கப் பார்க்க ஓடுகிற பேக்கேஜ்
நான் போர்வைக்குள் போனதும்
நடுவழியில் உட்கார்ந்துகொள்கிறது,
கட்டபெட்டு வளைவில் லோடு லாரி மாதிரி.

கோத்தகிரியில் ஐப்பசி.
என் மேஜைக்குக் கீழ்த்தளத்தில்
வாட்டுத் தொட்டிகளின் காற்றாடிச் சத்தம்.
விடிந்தால் வியாழன்.
வெள்ளிக்கிழமை இலைப்பணம் பட்டுவாடா.

முதலில் அனுமதியைச் சந்தேகித்தேன்.
இரவில் ஓடும் வேலைக்கு வேறு பெயர், வேறு சாவி;
ஃபோல்டருக்குள் அதை விடுகிறார்களா?
விடுகிறார்கள்.
அப்புறம் தேதியை.
நவம்பர் ஐந்தா, மே பதினொன்றா என்று
கோவை சர்வர் குழம்புவது வழக்கம்.
இம்முறை தெளிவாகத்தான் இருந்தது.
பகலில் நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம்
மாதிரி ஃபைல் என்பது
மூன்று மணிக்குத்தான் உறைத்தது.

சிவப்பில் ஒரே வரி:
மதிப்பை மாற்ற இயலவில்லை.
எந்த மதிப்பை, எங்கே,
சொல்லமாட்டேன் என்கிறது.

ராத்திரி டியூட்டியிலிருந்து ஃபர்ஹானா சொன்னாள்:
"பாதியா வெட்டி ஏத்துங்க மேடம்.
விழுற பாதிய இன்னும் பாதியாக்குங்க."
ஆயிரத்து நூற்று நாற்பது விவசாயிகள்.
ஐந்நூற்று எழுபது.
இருநூற்று எண்பத்தைந்து.
கடைசியில் ஒரே ஒருவர்:

ஒசஹட்டி கொள்முதல் கொட்டகை.
ஜோகி பெள்ளி. உறுப்பினர் எண் சரி.
எடை, கிலோவில்:
மழை.

எண்கள் மட்டுமே நுழையக்கூடிய கட்டத்தில்
இரண்டே எழுத்து.

ஆறு மணிக்கு ஹாலனைப் பிடித்தேன்,
மூன்றாவது முயற்சியில் சிக்னல்.
"இலை கொண்டாந்தாரு மேடம்.
தராசுக்கு மேலதான் கூரை ஒழுகுது.
அது காட்டினது இலையா தண்ணியான்னு எனக்கே தெரியல.
பூஜ்யம் போட்டா பறிக்கலன்னு ஆயிடும்.
அதான் உள்ளதைப் போட்டேன்."

தெரியாததற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு:
நல்.
பூஜ்யம் வேறு, நல் வேறு என்று
ஆறு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்கு
போர்டில் எழுதிக் காட்டுகிறேன்.
ஹாலனுக்கு யாரும் காட்டவில்லை.

மாறாத வரிகள் தனியே ஒதுங்க
ஒரு பக்கவழி வெட்டிவிட்டேன்.
ஏழரைக்குப் பெட்டிகள் எல்லாம் பச்சை.
ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது உள்ளே.
பெள்ளி மட்டும் வெளியே நிற்கிறார், நனைந்து.
அவருக்குப் போன வார சராசரி போடலாமா என்று
இன்னும் பதில் வரவில்லை.

ஒசஹட்டிக்கு நான்கு தகரம் வேண்டும் என்று
மேனேஜருக்கு எழுதினேன்.
எந்தக் கணக்கில் காட்டுவது என்றார்.

டேட்டா திருத்தம்.