கோணியில் ஒரு துளி

கோத்தகிரி கால்நடை மருத்துவமனையில்
ஹீட்டர் இல்லாத அறை என்னுடையது.
காலை ஆறேகாலுக்குக் கதவைத் தட்டினார்கள்:
வனக்காவலர் போஜன், ஒரு கோணிப்பை,
லயத்து வீட்டு இருதயராஜ்.

"கேளையாடு" என்றார் போஜன்.
"கோழிங்க" என்றார் இருதயராஜ்.
"சத்தியமா கோழி. மருமகன் வந்திருக்காரு."
கறி இல்லை, எலும்பு இல்லை.
குழம்பு ராத்திரியே தீர்ந்துவிட்டது.
மிச்சம், கோணியின் மூலையில்
பனி ஈரத்தில் இன்னும் காயாமல்
ஒரு ரூபாய் அளவு சிவப்பு.

மூன்று பேர் வாயிலும் ஆவி.
போன வாசல் வழியே திரும்பி வரும் காற்று.
பாலூட்டிக்கு வாய்த்தது அவ்வளவுதான்:
பழைய மூச்சின் வண்டலில்
புது மூச்சை ஊற்றிக் கலக்கிக் குடிப்பது.
பறவைக்குள் அது ஒருவழிப் பாதை.
சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி
எங்கள் ஊர் வழியாக இறக்கிவிடுவார்களே வண்டிகளை,
அப்படி. அதன் நுரையீரலில் எதிரே யாரும் வருவதில்லை.
இதையெல்லாம் சொல்லவில்லை. ஸ்லைடைத் துடைத்தேன்.

ஒரு சொட்டு உப்புநீர், ஒரு சொட்டு கோணி.
இழுத்துத் தேய்த்து, உலர்த்தி, சாயம் ஊற்றி
கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
ஒப்பிட இன்னொன்று வேண்டும்.
என் மோதிர விரலில் குத்திக்கொண்டேன்.
இருதயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
ராத்திரி கத்தி பிடித்தவர்.

முதலில் என்னுடையது.
வட்டம் வட்டமாக, நடுவில் குழிந்து,
உள்ளே ஒன்றும் இல்லாமல்.
மஜ்ஜையில் பிறக்கும்போது இருந்ததுதான் உட்கரு.
தெருவில் இறங்குமுன் துப்பிவிடுகின்றன.
இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றலாமே என்று
வீட்டுப் பத்திரத்தை எறிந்துவிட்டு
மூட்டை தூக்கப் போகும்
நூற்றிருபது நாள் கூலிகள்.
நான், போஜன், இருதயராஜ், கேளையாடு, காட்டெருமை,
இந்த அறையின் ஓட்டிடுக்கில் தொங்கும் வௌவால்
(பறந்தாலும் அது நம் கட்சி),
எல்லோருக்கும் இதே காலி வட்டம்.

பிறகு கோணி.
நீள்வட்டங்கள், பூசணி விதை போல.
ஒவ்வொன்றின் நடுவிலும்
ஊதா மையால் அழுத்தி வைத்த ஒரு பொட்டு.
எடை கூடாதென்று எலும்பைக் குடைந்துகொண்டது,
பல்லை விட்டது, மூத்திரப்பையே வேண்டாமென்றது,
இரண்டு சூலகத்தில் ஒன்றை வளரவிடாமல் நிறுத்தியது.
இதை மட்டும் ஒவ்வொரு துளியிலும்
லட்சம் லட்சமாய்ச் சுமந்துகொண்டு பறக்கிறது.
ஏனென்று எந்தப் புத்தகத்திலாவது இருக்கலாம்.
நான் படித்ததில் இல்லை.

"பறவை" என்றேன்.
யாரும் சொல்லாமலே இருதயராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார்.
போஜன் விடவில்லை:
"நாட்டுக்கோழியா, காட்டுக்கோழியா மேடம்?"

லென்ஸுக்கு அது தெரியாது.
சேவலாக இருந்து, கழுத்து இறகு ஒன்று கிடைத்தால் போதும்,
மெழுகு சொட்டியது போல் மஞ்சள் புள்ளி காட்டிக்கொடுக்கும்.
கோணியை உதறினோம்.
ஒரு தூவி விழவில்லை.
மருமகனுக்கு அடித்த கோழியை
இவ்வளவு சுத்தமாக யார் உரிப்பார்கள்
என்று போஜன் யோசித்தார். நானும்தான்.

அந்த நேரம் பார்த்து ரவிக்கை நனைந்தது.
மணி ஏழு. கட்டபெட்டில் என் நான்கு மாதத்தான்
அழத் தொடங்கியிருப்பான்.
அவன் அழுவதை எனக்கு முன்பே
என் உடம்பு எப்படியோ கேட்டுவிடுகிறது.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுதினேன்:
உட்கருவுள்ள சிவப்பணுக்கள். பறவை.
எந்தப் பறவை எனச் சொல்ல இயலவில்லை.

தேயிலைக்கு அப்பால், சோலையின் விளிம்பில்
ஒரு காட்டுச்சேவல் கூவியது, அறுத்து அறுத்து.
போஜனும் நானும் ஜன்னலைப் பார்த்தோம்.
இருதயராஜ் தன் செருப்பைப் பார்த்தார்.

என் ஸ்லைடைக் குழாயில் கழுவினேன்.
மற்றதற்கு நம்பர் ஒட்டினேன்.