வெளிப்பக்கம்

செந்தூல் பிளாட்டுகளுக்கு முகம் இரண்டு.
நீங்கள் சோபாவிலிருந்து பார்ப்பது ஒன்று.
நான் பார்ப்பது மற்றது:
பதினேழாம் மாடிச் சுவரின் வெளிப்பக்கம்,
இடுப்பில் கயிறு, பல்லிடுக்கில் ஸ்குரூ,
கீழே மரவட்டையாய் ஊரும் எல்ஆர்டி.

காலை ஒன்பதுக்கு யாப்பின் வீடு.
ஏர்கோன் குளிரவில்லை.
குழாயைத் தளர்த்தினால்
ஸ்ஸ்ஸ் என்று பழைய கேஸின் ஒரு மூச்சு.
பிடித்து வைக்கச் சிலிண்டர் இருக்கிறது,
வேனில். பதினேழு மாடி கீழே.
லிப்ட் வேறு ரிப்பேர்.
நிறமில்லை, மணமில்லை, யாரும் பார்க்கவில்லை.
விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு ரொஸ்னா அக்கா
யாப்பின் பெட்டி ஊதும் அனலில்தான்
மகனின் பள்ளிச் சட்டையைக் காயப்போடுவார்.
இருபதே நிமிடம், கெரோப்போக் மாதிரி ஆகிவிடும்
என்று சிரித்தவர்
போன மாதம் எனக்கே போன் செய்தார்:
ஜன்னலைத் திறக்க முடியவில்லை,
தவணையில் ஒரு ஹோர்ஸ்பவர் கிடைக்குமா?
மாட்டினேன்.
அது ஊதுவது
மேல்மாடி தேவகுஞ்சரியின் அடுப்படிக்குள்.
அவரும் கூப்பிடுவார். காத்திருக்கிறேன்.
என் பிழைப்பு இப்படி
ஜன்னல் ஜன்னலாய் மேலே ஏறுகிறது.

பழியை முழுக்க என் தலையில் கட்டாதீர்கள்.
பசிபிக் கடலுக்கும் காய்ச்சல் வருவதுண்டு,
சில வருடத்துக்கு ஒருமுறை.
ஸ்பானிய மொழியில் அதற்குப் 'பையன்' என்று பெயராம்.
அந்தப் பையன் வந்த வருடம்
என் போன் பேட்டரி மதியம்வரை தாங்காது.
சுமத்ராவில் சதுப்பு மண் புகைந்தால்
இங்கே சூரியன்
அவித்த முட்டையின் கருவாய்த் தொங்கும்.
அந்தத் தீயை மூட்டியது வெயிலா, ஆளா?
உதவிக்கு வரும் ஷொஹாக் கேட்டான்.
காயவைத்தது வெயில்,
கொளுத்தியது எவனோ என்றேன்.
"அப்போ ரெண்டு பேர் வேலை, நம்மள மாதிரி" என்றான்.
போலா தீவில் அவன் வீடு இருந்த இடத்தில்
இப்போது வலை வீசுகிறார்கள்.
அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மூன்றரைக்கு வானம் கறுத்தது.
கயிற்றை அவிழ்த்து உள்ளே வந்தோம்.
ஒரே இடி, கரண்ட் போனது.
பிளாட்டின் முந்நூறு பெட்டிகளும்
ஒன்றாய் வாயை மூடின.
பத்து வருட வேலையில்
அந்த அமைதியை முதல்முறை கேட்டேன்:
யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்,
ஏதோ ஒரு குழந்தை தும்முகிறது,
மழை.

தாழ்வாரத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள்.
கைலி, நைட்டி, அரைக்கால் சட்டை.
ஈரக் காற்று காசில்லாமல் வீச
என்ன பேசுவதென்று தெரியாமல்
"காத்து நல்லாருக்கு" என்றார்கள்
மூன்று மொழிகளில்.
யாப் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

பதினொரு நிமிடம்.
விளக்கு வந்தது. கதவுகள் சாத்தின.
சுவரில் ஒரு பெட்டி இருமியது,
பிறகு அடுத்தது,
பிறகு எண்ண முடியவில்லை.

வேனுக்கு இறங்கினேன், படியில்.
இன்ஜினை ஓடவிட்டு
குளிரை நான்கில் வைத்து
பில் எழுதினேன்:
கேஸ் ஒரு கிலோ. கூலி. சர்வீஸ்.
விட்ட மூச்சுக்கு ஒரு வரி இடம் இருந்தது.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது,
பிறகு கூட்டிப் போட்டேன்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி பூத்திருந்தது.
ஏணியைக் கட்டிவிட்டு வந்த ஷொஹாக்
அங்கேயே நின்று
விரலால் ஒரு மீன் வரைந்தான்.